ஆள் வைப்பது யாருக்காக?

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்பது மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழுவின் கணிப்பு. பிள்ளைகள் பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்க, ஏஜென்சி அனுப்பும் 12 மணி நேர, 24 மணி நேர அட்டெண்டர்களை நம்பிப் பல வீடுகள் ஓடுகின்றன. ஆனால், ஆள் கிடைத்த பிறகுதான் சிக்கலே ஆரம்பம். வந்த பெண்ணை மூன்றாம் நாளே அனுப்பிவிடுகிறார் அம்மா.

இதைப் பிடிவாதம் என்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலமெல்லாம் அடுப்பங்கரையை ஆண்டவரிடம், ‘நீ சும்மா உக்காரும்மா, அவங்க பாத்துப்பாங்க’ என்பது பதவிப் பறிப்பு. மகன் போனிலேயே பேசி முடிக்கிறார், முன்பணம் போகிறது, மறுநாள் காலை முன்பின் தெரியாத ஒருவர் பையோடு வாசலில் நிற்கிறார். அம்மா சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று தினமும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் தகவல் போகிறது. வேவு பார்க்க வந்தவராக அவர் அம்மாவுக்குத் தெரிவதில் என்ன வியப்பு?

சம்பளம் அம்மாவின் கையால் போகட்டும். இரண்டு பேரை வரவழைத்து, யார் வேண்டும் என்று அவரே பேசிப் பார்த்துச் சொல்லட்டும். எடுத்த எடுப்பில் முழு நாள் வேண்டாம். சுகர் பார்க்கவோ கோயிலுக்குத் துணையாகவோ ஓரிரு மணி நேரம் போதும். குளிப்பாட்டுவது கடைசியில் வரவேண்டிய வேலை. பலர் அதில் தொடங்கித்தான் காரியத்தைக் கெடுக்கிறார்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. வெளியாள் கை மேலே படுவதற்கு அது நல்ல முன்பழக்கம்.

ஒரு மறுப்புக்கு மட்டும் வளைந்து கொடுக்கக் கூடாது. ‘அந்தப் பொண்ணு எந்த ஆளுங்க?’ என்ற கேள்வி நம் வீடுகளில் இன்னும் வருகிறது. மலம் அள்ளுபவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டுப் பரிவை எதிர்பார்ப்பது அக்கிரமம். இரவெல்லாம் விழித்திருப்பவருக்குப் பகலில் தூங்க இடமும், வார விடுப்பும் கொடுத்தாக வேண்டும்.

‘பெத்த பிள்ளை பாக்குற மாதிரி வருமா?’ என்று உறவினர்கள் கேட்பார்கள். அப்படிக் கேட்கும் வீடுகளில் பெரும்பாலும் பார்த்துக்கொள்வது பிள்ளையல்ல, மருமகள். அவருடைய முதுகுவலி யார் கணக்கிலும் வருவதில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளுக்குக் கடமையை விதிக்கிறது. எல்லாவற்றையும் தம் கையாலேயே செய்யவேண்டும் என்று அது சொல்லவில்லை.

மறதிநோய் முற்றிய பிறகு, இடுப்பெலும்பு முறிந்த பிறகு, சம்மதம் கேட்க அவகாசம் இருக்காது. அப்போது மருத்துவர் சொல்வார், பிள்ளைகள் முடிவெடுப்பார்கள். பெரியவரின் விருப்பம் எங்கோ போய்விடும். ஆகவே, அவர்கள் நன்றாக நடமாடும்போதே கேளுங்கள்: யார் வரலாம், எந்த அறைவரை வரலாம், எந்த வேலையைக் கடைசிவரை தாமே செய்ய விரும்புகிறார்கள்? பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இந்தப் பேச்சை எடுத்துவிட்டு வாருங்கள்.