நம் ஊர்ப் பேச்சு ஆய்வுக்கு ஆகாதா?

(முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர்)

ஆய்வு என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மில் பலர் நூலக அலமாரியைத்தான் நோக்குகிறோம். இறுதிப் பருவத்தில் ஆய்வேடு எழுத வேண்டும் என்ற அறிவிப்பு வந்த நாள் முதல் நம் துறைத் தாழ்வாரத்தில் கேட்கும் கேள்வி ஒன்றே: “நீ எந்த நூலை எடுத்திருக்கிறாய்?” எந்த ஊரை எடுத்திருக்கிறாய், யாருடைய பேச்சை எடுத்திருக்கிறாய் என்று கேட்பார் இல்லை. ஒரு நாவலைப் பிடித்து, அதில் பெண் பாத்திரங்கள், உவமைகள், சமுதாயச் சிக்கல்கள் என்று ஐந்து இயல்களாக வகுத்து, டி.டி.பி. கடையில் கொடுத்துக் கெட்டி அட்டை போட்டு வாங்கிவிட்டால் ஆய்வு முடிந்தது! அட்டை கெட்டியாகத்தான் இருக்கிறது. உள்ளே இருப்பதன் கெட்டித்தன்மையைப் பற்றி, பழைய ஆய்வேடுகளைப் புரட்டிப் பார்த்த நண்பர்கள் அறிவர்.

சங்க இலக்கியத்தையும் நாவலையும் ஆராய வேண்டாம் என்று நான் கூறுவதாக எவரும் கருத வேண்டா. என் வழக்கு வேறு. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே தமிழ்மொழி நம் கண்முன்னே மாறிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்கும் வாய்ப்புப் பெற்றவர்கள் நாம். ஆனால் நம் ஆய்வேடுகளில் அதற்கு ஒரு பக்கமும் இல்லை.

ஒரு மக்களின் பேச்சை ஆராய்ந்தால் அவர்களுடைய வாழ்க்கை முறையே புலப்படும் என்பதற்கு நாம் பாடத்தில் படித்த ஒரு நாட்டையே சான்றாகக் காட்டலாம். மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்துப் புண்ணியராசனாக ஆள்கிறானே, அந்தச் சாவக நாட்டை இன்றைய ஜாவாவோடு இணைத்துக் கூறுவர் அறிஞர். அந்தச் சாவகத்தில் அவனைக் கண்டு வந்த மணிமேகலை இறுதியில் வந்து சேர்வது நம் காஞ்சிக்குத்தான். அந்த ஜாவானிய மொழியில் ‘உண்ணுதல்’ என்ற ஒரு செயலுக்கு மூன்று சொற்கள் உள்ளன. நெருங்கியவரிடம் பேசும்போது ‘மங்ஙன்’; மரியாதையாகப் பேசுகையில் தன்னைக் குறித்து ‘நெடா’; பெரியவர் உண்பதைச் சொல்லும்போது ‘டஹர்’. யார் யாரிடம் பேசுகிறார் என்பது தெரியாமல் அங்கே ஒரு வாக்கியத்தைத் தொடங்கவும் இயலாது! கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1952 முதல் 1954 வரை கிழக்கு ஜாவாவில் பாரே என்னும் ஊரில் தங்கி ஆராய்ந்தார். 1960-இல் வெளிவந்த ‘ஜாவாவின் சமயம்’ என்ற அவருடைய நூல், இந்தப் பேச்சு மரியாதையைக் கொண்டே அச்சமூகத்தின் மேல் கீழ் அடுக்குகளை விளக்குகிறது. ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ‘மோஜோகுத்தோ’ என்று புனைபெயர் சூட்டினார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அடுக்குகளைக் காண ஜாவா வரை போக வேண்டுமா? விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரகடம் சாலையில் வந்து நிற்கும் கம்பெனிப் பேருந்தில் ஏறினால் போதும். ஒரே வண்டி, ஒரே வேலை. ஆனால் நிரந்தரப் பணியாளர் ‘சார்’ அல்லது ‘அண்ணே’. அவர் வயதே உள்ள ஒப்பந்தப் பணியாளர் ‘தம்பி’, சில நேரம் வெறும் ‘டேய்’. “நான் பர்மனென்ட், அவன் காண்ட்ராக்ட்” என்று ஆளையே வேலையின் பெயரால் அழைக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்து ஒருவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் “பிரேக் குடுத்துட்டாங்க” என்பது வழக்கு. ஏதோ அவன் கேட்டுப் பெற்றுக்கொண்ட பொருள் போல! வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்ற பொருளை அந்த ஒரு சொல் எவ்வளவு அழகாக மூடிவிடுகிறது பாருங்கள். வடக்கிலிருந்து வந்தவர் அனைவரும் இங்கே ‘இந்திக்காரர்’. அவர்களில் ஒருவருக்கு ஒடியா தாய்மொழியாக இருக்கும், இன்னொருவருக்கு அசாமியம், மற்றொருவருக்கு வங்காளம். மொழிக்காகப் போராடிய மரபினர் என்று பெருமை பேசும் நாம், அடுத்த இருக்கையில் இருப்பவனுடைய தாய்மொழி எது என்று கேட்டதுண்டா?

முதுகலையில் சேருமுன் நான் பத்து மாதம் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றினேன். விடுதியில் எங்கள் அறையில் எட்டுப் பேர். ஏறக்குறைய எல்லாரும் வெவ்வேறு மாவட்டத்தார். தண்ணீர் நிற்கும் இடம் எனக்கு ‘ஏரி’. ராமநாதபுரத்துத் தோழிக்குக் ‘கண்மாய்’. நெல்லைப் பெண்ணுக்குக் ‘குளம்’. ஒரு நாள் “எங்கப்பா கொல்லைக்குப் போயிருக்காரு, சாயங்காலம்தான் வருவாரு” என்று நான் சொன்னதற்குத் தஞ்சாவூர்ப் பெண் சிரித்த சிரிப்பு அடங்கக் கால் மணி நேரமாயிற்று. நமக்குக் கொல்லை என்பது புன்செய் நிலம். அவர்கள் ஊரில் அது வீட்டுக்குப் பின்புறம். அங்கே ‘கொல்லைக்குப் போவது’ எதற்கு என்பதை மலரில் எழுத வேண்டியதில்லை.

சிரிப்பு ஒருபுறம் இருக்க, நான் கவனித்த செய்தி வேறு. ஆறு மாதத்தில் எங்கள் அறையில் எந்த ஊரையும் சேராத ஒரு பொதுத் தமிழ் உருவாகிவிட்டது. நான் ‘இன்னா’வை விட்டேன், ராமநாதபுரத்துத் தோழி ‘அவுக’வை விட்டாள். ஆனால் இரவில் கைப்பேசியில் தாயோடு பேசத் தொடங்கினால், மூன்றாவது வாக்கியத்திலேயே ‘அவுக’ திரும்பி வந்துவிடும். எந்தச் சொல் லைனில் மறைகிறது, எந்தச் சொல் அம்மாவிடம் மட்டும் பிழைத்திருக்கிறது? இது மொழியியலின் முதன்மையான கேள்வி அல்லவா? பிறநாட்டு அறிஞர் எவரும் எங்கள் அறையில் பாய் போட்டுப் படுக்க முடியாது. நான் படுத்திருந்தேன்.

இங்கே ஒரு குறுக்கீடு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய எழுத்துப் பலகைகள் பெருகியபின், கொரிய மொழியும் தமிழும் ஒன்றே என்று எழுதுவது நம் மாணவரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. ‘அப்பா’ என்ற சொல் இரண்டிலும் இருக்கிறதாம்! 1905-லேயே ஹோமர் ஹல்பர்ட் என்பவர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். பின்வந்த மொழியியலார் பலர் அவ்வுறவை ஏற்கவில்லை. குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் உலகின் பல மொழிகளில் ஒத்திருக்கக் காணலாம். நான்கு சொல்லை வைத்து உறவு கொண்டாடுவதைவிட, கொரிய மேற்பார்வையாளரும் நம் ஊர்ப் பெண்ணும் எந்த மொழியில், எத்தனை சொற்களைக் கொண்டு ஒரு நாள் வேலையை முடிக்கிறார்கள் என்று குறித்தால் அது பயனுள்ள ஆய்வு.

பெயர் ஒன்றுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதையும் இந்தச் சாலை காட்டியிருக்கிறது. 2024-இல் சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இடம்பெறலாமா என்பது அப்போது பெரும் வழக்காயிற்று. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். பெயரியல் ஆய்வு என்றால் கோயில் பெயர்களும் குலப் பெயர்களும் மட்டுமே என்று எண்ணுவோர் இதைக் கருதிப் பார்க்கட்டும்.

புதிதாக வரும் சொற்களைப் போலவே போகும் சொற்களையும் பார்க்க வேண்டும். அங்கேதான் அவசரம் மிகுதி. இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் திறக்கப்பட்டது. 2014 நவம்பரில் நோக்கியா மூடியும் போயிற்று. முப்பதாண்டுகூட ஆகாத இக்காலத்துக்குள் கழனி சார்ந்த ஒரு சொல்லகராதியே நம் வீடுகளிலிருந்து வெளியேறிக் கொண்டிருக்கிறது. கழனி, கொல்லை, தாங்கல், மதகு, கலங்கல், நீர்க்கட்டி. என் தம்பிக்கு இவற்றுள் இரண்டுதான் தெரியும். எங்கள் ஊர் ஏரியில் மதகு இருக்கிறது. அதைத் திறக்கும் நீர்க்கட்டி இல்லை. திறந்தாலும் தண்ணீர் பாய்வதற்குக் கழனி இல்லை. நம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தைப் பேசுகின்றன. அந்த ‘வாரியம்’ இன்று மின்வாரியமாக உயிரோடு இருக்கிறது. நீர்க்கட்டிக்கு அத்தகைய பேறு கிட்டுமா என்பது ஐயமே.

என் ஆயா களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்பார். லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணிக்கை போகும். அவரிடம் நடவுப் பாட்டைக் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்ய உட்கார்ந்தேன். “நாத்து கையில இருந்தாதாண்டி பாட்டு வரும். சும்மா குந்திகினு பாடச் சொன்னா எப்பிடி வரும்?” என்றார். களஆய்வு நெறிமுறை பற்றி நான் படித்த எந்த நூலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. இப்போது அதே கையோடு என் தாய் ஒரு கம்பெனியில் தரை துடைக்கும் வேலைக்குப் போகிறார். அங்கே பாட்டுண்டா என்று கேட்டேன். “மெஷின் சத்தத்துல பேச்சே கேக்காது, பாட்டு எங்க?” என்று பதில் வந்தது.

கூத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதைப் பிறர் ஆராய்ந்துவிட்டார்கள். திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-லும், தெருக்கூத்தைப் பற்றி ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990-லும், கட்டைக்கூத்தைப் பற்றி ஹன்னே டி புரூயின் 1999-லும் நூல் எழுதினர். அவர்கள் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை, நன்றியே உண்டு. ஆனால் இன்னும் ஒரு கேள்வி மீதி இருக்கிறது. பாரதக்கூத்து விடியும் வரை நடப்பது, காலையில் படுகளம். ஜாவாவிலும் மகாபாரதக் கதையை நிழற்பாவைக் கூத்தாக இரவு முழுவதும் ஆடுவர். நம் ஊர் இளைஞனுக்கோ இரவு ஷிப்ட். இரவெல்லாம் ஆலையில் நிற்பவன் கூத்துக்கு எப்போது வருவான்? அவன் வராத கூத்து எப்படி மாறும்? இதை நம் மாணவர் எழுதலாம்.

இப்படியொரு தலைப்பை முன்வைத்தபோது எனக்குக் கிடைத்த விடை, “இது கொச்சைப் பேச்சு; இலக்கியம் ஆகாது” என்பது. சொன்னவர் யார் என்பது இங்கே தேவையில்லை. அந்தக் கருத்து ஒருவருடையது மட்டுமன்று. கொச்சை என்று தள்ளுவோர் தொல்காப்பியத்தையாவது நினைக்க வேண்டாவா? சொற்களை நான்காக வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் ஒன்றாகத் திசைச்சொல்லை வைத்தார். உரையாசிரியர்கள் ஒரு நாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்பர், இன்னொரு நாட்டார் சிறு குளத்தைக் ‘கேணி’ என்பர் என்று கேட்டறிந்து குறித்து வைத்தார்கள். அவர்கள் செய்தது களஆய்வு அன்றி வேறென்ன?

அண்மைக் காலத்திலும் வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. பேராசிரியர் நா. வானமாமலை பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமலே 1969-இல் பாளையங்கோட்டையிலிருந்து ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கினார். இளைஞர்களைக் கொண்டு நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். கி. ராஜநாராயணன் என்ற கரிசல் விவசாயி 1982-இல் தம் வட்டாரத்துக்குச் சொல்லகராதி கண்டார். கொங்கு வட்டாரத்துக்கு 2000-இல் அதைச் செய்த பெருமாள்முருகன் நம்மைப் போன்ற அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர். கரிசலுக்கும் கொங்குக்கும் உள்ள பேறு ஒரகடத்துக்குக் கூடாதா?

எதிர்ப்பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு பருவத்துக்குள் ஊர் ஊராக அலைய நேரம் போதாது. பேச்சைக் குறிக்கும் முறையை நமக்கு யாரும் கற்பிக்கவில்லை. இவை உண்மை. முன்பு ஆய்வியல் நிறைஞர் பட்டம் இருந்தது. அங்கே நிதானமாகச் செய்யலாம் என்று தள்ளிப் போடலாம். 2022-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதிகளோடு அந்தப் பட்டமும் நின்றுவிட்டது. முனைவர் பட்டத்துக்குப் போகும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? பெரும்பாலோர்க்கு முதுகலை ஆய்வேடே முதலும் கடைசியுமான ஆய்வு. அதற்குப் பிறகு பலர் அதே கம்பெனிப் பேருந்தில் ஏறுவோம்.

எனவே ஆசிரியப் பெருமக்கள் முன் என் வேண்டுகோள்கள் சில. களஆய்வுத் தலைப்பைத் துறை ஏற்க வேண்டும். முதற்பருவத்திலேயே பேச்சைப் பதிவு செய்யவும் எழுதவும் பத்து வகுப்புகளாவது வேண்டும். ஒருவர் தனியே முடிக்க இயலாததை நான்கைந்து பேர் ஊர் பிரித்துச் செய்யலாம்: வல்லம், மாத்தூர், எழிச்சூர், மணிமங்கலம் என்று ஆளுக்கொன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் சொன்னவர் வயது, தொழில், ஊர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பாட்டுச் சொன்ன முதியவரின் பெயரை, அவர் விரும்பினால், ஆய்வேட்டின் முதற்பக்கத்தில் போட வேண்டும். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரையும் ஆலையின் பெயரையும் போடக் கூடாது. கீர்ட்ஸ் ஊர்ப் பெயரை மறைத்தார் என்றேனே, அந்த எச்சரிக்கை நமக்கு இன்னும் அதிகம் தேவை. நமக்கு ஒரு சொல்லைச் சொன்னதற்காக ஒருவருக்குப் ‘பிரேக்’ கிடைத்துவிடக் கூடாது. முடித்த ஏட்டின் படி ஒன்று அந்தந்த ஊர் நூலகத்துக்குப் போக வேண்டும்.

என் அளவில், தை பிறந்ததும் எழிச்சூர்ப் பக்கம் போவதாக இருக்கிறேன். அங்கே இன்னும் கொஞ்சம் நடவு உண்டென்று ஆயா சொல்கிறார். அவரையும் அழைத்துப் போகிறேன். நாற்று கையில் இருந்தால் பாடுவதாகச் சொல்லியிருக்கிறார். உடன் வர விரும்பும் தோழியர் துறையில் என்னிடம் பெயர் கொடுக்கலாம். கைப்பேசியும் நோட்டும் போதும். சேற்றில் இறங்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் முன்னரே சொல்லிவிடுகிறேன்.