அந்த நாலு கேள்வியை நம்ம மந்தையிலே கேட்போம்!



லோயர்கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரைக்கும் முல்லைப் பெரியாத்துத் தண்ணியை நம்பி நாத்துப் பாவி, நட்டு, அறுத்துப் பிழைக்கிற சம்சாரிகள் அனைவருக்குமான நோட்டீஸ் இது. இந்த நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட வேண்டாம். டீக்கடையிலோ சாவடியிலோ ஒருத்தர் படிக்க, நாலு பேர் கேளுங்கள். இது எந்தக் கட்சியின் நோட்டீசும் இல்லை.

சமீபத்தில் நடந்த ஒரு சங்கதி. நம்ம பள்ளத்தாக்கில் உள்ள ஒரு டவுன். அங்கே ஒரு சேவைச் சங்கத்தின் வாராந்திரக் கூட்டம். கடைக்காரர்கள், டாக்டர்கள், வக்கீல்கள், காண்டிராக்டர்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் ஒரு சட்டமன்ற உறுப்பினர். எந்த டவுன், எந்தச் சங்கம், எந்தக் கட்சி எம்.எல்.ஏ. என்று கேட்காதீர்கள். தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் என்று நாலு தொகுதி. இதில் சொல்லப் போவது நாலுக்கும் பொருந்தும். முன்னால் இருந்தவர்களுக்கும் பொருந்தும், இனிமேல் வரப் போகிறவர்களுக்கும் பொருந்தும்.

அந்த மண்டபத்துக்குச் சாப்பாட்டு இலை கொண்டு போனவர் நம்ம சங்கத்து ஆள். இலைக்கட்டை இறக்கிவிட்டு, காசு வாங்கக் காத்திருந்த நேரத்தில் வாசல் ஓரமாக நின்று பேச்சைக் கேட்டிருக்கிறார். எம்.எல்.ஏ. என்ன பேசினாரு தெரியுமா? "நம்ம பள்ளத்தாக்குல ரெண்டு போகமும் குறையில்லாம விளையுது. நெல் கொள்முதல் நிலையம் கேட்ட உடனே திறக்குறோம். விவசாயிக்கு இப்ப எந்தக் குறையும் கிடையாது. ரோட்டோர நிலமெல்லாம் விலை ஏறிக்கிட்டே போகுது, இதுதான் வளர்ச்சி" என்று பேசினாராம். மண்டபமே கைதட்டியிருக்கிறது.

நம்ம ஆளுக்கு மனசு கேக்கலை. உள்ளே எட்டிப் பார்த்து, "அய்யா, நான் ஒரு கேள்வி கேக்கலாமா?" என்றிருக்கிறார். ஒருத்தர் எழுந்து வந்து மரியாதையாகத்தான் சொன்னாராம்: "அண்ணே, மெம்பருங்க மட்டும்தான் கேக்க முடியும். நேரமும் ஆச்சுண்ணே." அப்புறம் பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, சாப்பாடு. சாப்பாடு நம்ம ஆள் கொண்டு போன இலையில்தான்!

யார் மேலே கோபம்?

அந்தச் சேவைச் சங்கத்துக்காரர்கள் மேலே நமக்குக் கோபம் இல்லை. அவர்கள் கூட்டம், அவர்கள் வாடகை, அவர்கள் விதி. ரோட்டரி, லயன்ஸ் மாதிரிச் சங்கங்கள் செய்கிற நல்ல காரியங்களை நாம் மறுக்க முடியாது. நம்ம அப்பா அம்மாவில் எத்தனை பேர் இலவசக் கண் முகாமில் புரை எடுத்துப் பார்வை பெற்றவர்கள்! போலியோவை ஒழிக்க 1985-இல் ரோட்டரி உலகம் முழுக்க நிதி திரட்ட ஆரம்பித்தது. இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளியைக் கண்டது 2011-இல். 2014-இல் நம்ம நாடு போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியது. இதையெல்லாம் மறைத்துப் பேசுவது நமக்கு அழகில்லை.

அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு. 1905-இல் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு ஆரம்பித்ததுதான் ரோட்டரி. ஒரு வாரம் ஒருத்தர் ஆபீஸ், மறு வாரம் இன்னொருத்தர் ஆபீஸ் என்று சுழற்சியில் கூடியதால் அந்தப் பெயர். வாராவாரம் கூடுவது, நேரத்துக்கு ஆரம்பிப்பது, வந்தவரைக் கேள்வி கேட்பது என்று இருப்பதால்தான் அவர்கள் குரலுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. மதுரை–போடி ரயில் 2010 கடைசியில் நின்றது. டவுன்காரர்கள் விட்டார்களா? மனு, கூட்டம், போராட்டம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் மாதம் போடிக்கும் ரயில் வந்து சேர்ந்தது.

நாம் எப்படி? கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடணும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், எத்தனை பேர் போகிறோம்? போனாலும் நோட்டில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, தீர்மானம் என்னவென்று கேட்காமலேயே திரும்பி வருகிறோம். கேட்கிற ஆள் இல்லாத இடத்துக்கு எம்.எல்.ஏ. எதுக்கு வரப் போறாரு?

அந்த நாலு கேள்வி

ரோட்டரிக்காரர்களிடம் நாலு கேள்வி ஒன்று உண்டு. 1932-இல் ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் எழுதியது. கடனில் மூழ்கி, மூடப் போகிற நிலையில் இருந்த பாத்திரக் கம்பெனி ஒன்றைத் தூக்கி நிறுத்த அவர் வந்தபோது, எதைச் சொன்னாலும் செய்தாலும் முதலில் நாலு விஷயத்தைப் பார்க்கச் சொன்னார். இது உண்மையா? சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா? நல்லெண்ணமும் நட்பும் வளருமா? எல்லோருக்கும் நன்மையா?

நல்ல கேள்விகள்தான். அன்றைக்கு அந்தப் பேச்சை இந்த நாலு கேள்வியில் போட்டுப் பார்த்திருந்தால் கைதட்டல் வந்திருக்குமா? நாம் போட்டுப் பார்ப்போம்.

ஒன்று, உண்மையா? முதல் போகம் அறுப்புக்கு வருவது ஐப்பசி மழை நேரத்தில். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காயப் போடக் களம் இல்லாத சம்சாரி ரோட்டில்தான் கொட்டிக் காயவைக்கிறான். அறுப்பு மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை, வாங்கின கடனுக்கு வட்டி. நிலையம் திறக்கட்டும் என்று எத்தனை நாள் காத்திருக்க முடியும்? வியாபாரி சொன்ன விலைக்கு, மூட்டைக்கு இத்தனை கிலோ கூடுதல் என்று அள்ளிக் கொடுத்துவிட்டு வருகிறோம். அதற்குப் பிறகு நிலையம் திறந்தால் யாருக்குப் பிரயோஜனம்? "கேட்ட உடனே திறக்குறோம்" என்பது உண்மையா என்று களத்தில் வந்து கேளுங்கள், அய்யா!

இரண்டு, நியாயமா? தண்ணீர் திறக்கிற ஒவ்வொரு முறையும் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் பாசனம் பெறும் என்று அறிவிப்பு வருகிறது. எண் மாறவே இல்லை. ஆனால் மெயின் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். நேற்று நாற்று நின்ற வயலில் இன்றைக்கு வண்ணக் கல் ஊன்றிக் கொடி கட்டியிருக்கிறது. மேல் வயலைப் பிளாட் போட்டு வாய்க்காலைத் தூர்த்தால் கடைமடைக்காரன் வயலுக்குத் தண்ணி எப்படிப் போகும்? விற்றவருக்கு விலை கிடைத்தது, வாங்கியவருக்கு வீடு கிடைத்தது. நடுவில் வாய்க்காலை இழந்தவனுக்கு யார் பதில் சொல்வது?

மூன்று, நட்பு வளருமா? டவுனும் கிராமமும் எதிரிகள் இல்லை. அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்காவது தாத்தன் சம்சாரியாகத்தான் இருந்திருப்பார். நெல் காசும், வாழைக் காசும், திராட்சைக் காசும் நம்ம கைக்கு வந்தால்தான் துணிக்கடையிலும் நகைக்கடையிலும் கூட்டம். வெள்ளாமை பொய்த்த வருஷம் உரக்கடைக் கணக்கு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நம்ம கஷ்டத்தை மறைத்து அவர்களிடம் "குறையே இல்லை" என்று சொல்கிறவர் நமக்கும் நண்பர் இல்லை, அவர்களுக்கும் நண்பர் இல்லை.

நாலு, எல்லோருக்கும் நன்மையா? பெரியாறு தண்ணி தேனிக்கு மட்டும் வருவதில்லை. திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் வயலுக்கும் குடிக்கவும் போகிறது. வயலும் வாய்க்காலும் கண்மாயும் இருக்கிற வரைக்கும்தான் கிணற்றில் ஊற்று இருக்கும். நஞ்சை போனால் டவுனில் போர் போட்டாலும் காத்துத்தான் வரும்.

பேச வேண்டிய இடம் எது?

சட்டமன்றத்தில் பேசுகிற பேச்சுக்கு என்ன பலம் என்று நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 1979-இல் 136 அடியாகக் குறைத்தார்கள். 2006 பிப்ரவரி 27-ஆம் தேதி, 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் தன் பாசனச் சட்டத்தைத் திருத்தி, 136 அடிக்கு மேல் கூடாது என்று தடை போட்டது. அந்த ஒரு சட்டத்தை உடைக்க நமக்கு எட்டு வருஷம் ஆனது. 2014 மே 7-ஆம் தேதிதான் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வருஷம் நவம்பரில், 35 வருஷம் கழித்து, 142 அடியைக் கண்ணால் பார்த்தோம்.

அங்கே இருக்கிற உறுப்பினர்கள் தங்கள் ஊருக்காகச் சட்டமே போட்டார்கள். அது நமக்கு அநியாயம்தான். ஆனால் சட்டமன்றம் என்பது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று அது காட்டியதா இல்லையா? அதே ஆயுதம்தானே நம்ம ஓட்டில் போனவர் கையிலும் இருக்கிறது? கேள்வி நேரம் இருக்கிறது, கவன ஈர்ப்பு இருக்கிறது, மானியக் கோரிக்கை விவாதம் இருக்கிறது. அங்கே பேசினால் அவைக் குறிப்பில் ஏறும், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். மண்டபத்தில் பேசினால் கைதட்டலோடு காற்றில் போகும். சால்வை வாங்கினதுக்குக் கணக்கு உண்டு, சொன்ன சொல்லுக்குக் கணக்கு கிடையாது!

2011 டிசம்பரை மறந்துவிட்டோமா? அணைக்கு ஆபத்து வந்தபோது யாரும் நம்மை மண்டபத்துக்கு அழைக்கவில்லை. 144 தடை போட்டும் கட்சி, சாதி பார்க்காமல் ஆயிரக்கணக்கில் குமுளிப் பாதையில் நடந்தோம். அன்றைக்கு நாம் திரண்டதால் தலைவர்கள் நம்மைத் தேடி ஓடி வந்தார்கள். அந்தக் கூட்டம் எங்கே போனது? நாம்தான் கலைந்துவிட்டோம்.

நம் கோரிக்கைகள்

1. நம்ம சட்டமன்ற உறுப்பினர்கள் போகத்துக்கு ஒரு முறையாவது கிராம சபையிலோ மந்தையிலோ நேரில் வந்து, யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும்.

2. கொள்முதல் நிலையத்தை அறுப்புக்கு முன்னாலேயே திறக்க வேண்டும். எந்த ஊர், எந்தத் தேதி என்று முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும்.

3. தொகுதி மேம்பாட்டு நிதி 2019-இல் வருஷத்துக்கு 3 கோடி ரூபாயாக உயர்ந்தது. அதிலிருந்து நெல் காயவைக்க எந்தெந்த ஊருக்குக் களம் கட்டினார் என்று ஒவ்வொரு உறுப்பினரும் கிராமத்தில் கணக்குச் சொல்ல வேண்டும்.

4. 14,707 ஏக்கரில் இன்றைக்கு வயலாக மிச்சம் இருப்பது எவ்வளவு என்று அளந்து வெளியிட வேண்டும். பாசன வாய்க்காலை மறிக்கிற எந்த மனைப் பிரிவுக்கும் அனுமதி கொடுக்கக் கூடாது.

5. இவை அனைத்தையும் அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் கேள்வியாகக் கேட்டு, கிடைத்த பதிலை நம்ம ஊருக்கு வந்து படித்துக் காட்ட வேண்டும்.

சம்சாரிகளே! இனி நமக்கும் ஒரு வாராந்திரக் கூட்டம் வேண்டும். வாரம் ஒரு சாயங்காலம், ஒரு மணி நேரம் போதும். இந்த வாரம் ஒரு ஊர் மந்தை, அடுத்த வாரம் பக்கத்து ஊர் மந்தை. வாடகை கிடையாது, சந்தா கிடையாது. பெண்கள் கட்டாயம் வரணும். நடவும் களையும் அவர்கள் இல்லாமல் நடக்காதபோது பேச்சு மட்டும் எப்படி நடக்கும்? டவுன் சேவைச் சங்கத்துக்காரர்களையும் கூப்பிடுவோம். பாய் விரித்து உட்கார வைத்து, அவர்களுடைய அந்த நாலு கேள்வியை அவர்கள் முன்னாலேயே எம்.எல்.ஏ.விடம் கேட்போம்.

இலைக்கட்டு கொண்டு போனவருக்கு அன்றைக்குக் கேட்க முடியாமல் போன கேள்வி இதுதான்: "அய்யா, எங்க ஊருல நிலையம் எந்தத் தேதி திறப்பீங்க?" ஒரே ஒரு தேதி. அதைக் கேட்கக்கூட மெம்பராக இருக்க வேண்டுமாம். ஓட்டுப் போட்ட ஒவ்வொருவனும் இந்தச் சட்டமன்றத்துக்கு மெம்பர்தான் என்று காட்டுவோம்!

அடுத்த கிராம சபைக்குக் குடும்பத்தோடு வாருங்கள்!
தீர்மானத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!