கல்லு மாதிரி இருந்தா ஸ்போர்ட்ஸ் காரா?

பழைய ஃபோர்டு ஐகான் 1.6 வைத்திருப்பவர்களில் பல பேருக்கு ஒரு வியாதி. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்ன அடுத்த நிமிஷமே, "கட்டியா ஏதாவது போடுங்கண்ணே, ஸ்போர்ட்டியா இருக்கும்" என்று ஆரம்பித்து விடுவார்கள். 1999-ல் மறைமலை நகரிலிருந்து 'ஜோஷ் மெஷின்' என்ற விளம்பரத்தோடு வந்த வண்டி அது. அந்த ஜோஷுக்கும் கட்டியான ஷாக்குக்கும் சம்பந்தமே கிடையாது!

ஷாக்குக்கு என்ன வேலை? வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். உள்ளே ஆயில் சின்னச் சின்ன வால்வு வழியாகப் போகும்போது ஆட்டம் சூடாக மாறிவிடுகிறது. அவ்வளவுதான் சங்கதி. இது எல்லாமே டயர் ரோட்டை விடாமல் பிடித்திருக்கத்தான். அளவுக்கு மீறி இறுகிய ஷாக், பள்ளத்தில் சக்கரத்தைச் சட்டென்று இறங்க விடாது. மேட்டில் டயரைத் தூக்கிவிடும். தரையில் படாத டயர் பிரேக்கும் பிடிக்காது, திருப்பினால் திரும்பவும் செய்யாது. மழை நாளில் குறுக்கே ஒரு சைக்கிள் வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா?

"ரேஸ் கார் எல்லாம் கட்டியாத்தானே இருக்கு?" என்பார்கள். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஸ்பீடு பிரேக்கர் இல்லை சாமி! இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். நம் தெருக்களில் இருப்பதோ குட்டிச் சுவர் :-)

இன்னொரு கூட்டம் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்கும். வெட்டினால் ஸ்பிரிங் இறுகும், ஷாக் ஓடுவதற்கான தூரம் குறையும். புது ஷாக் போட்டாலும் பம்ப் ஸ்டாப்பில் மோதி மோதியே சீக்கிரம் போய்விடும்.

காசு மிச்சம் என்று பழைய ஷாக்கில் ஓட்டை போட்டு, ஆயில் ஊற்றி, வெல்டு வைத்துக் கொடுப்பதும் நடக்கிறது. தேய்ந்த வால்வு உள்ளே அப்படியேதான் இருக்கும். கொஞ்ச நாளில் திரும்பவும் கழற்ற வேண்டும், லேபர் இரண்டு முறை. இதற்குப் பெயர் மிச்சமா?

ஒரிஜினல் ஸ்பிரிங் இருந்தால், அதே ஸ்பிரிங்குக்கு ஏற்ற கம்பெனி ரக ஷாக்தான் சரி. கேஸ் நிரப்பியது கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், ஆயில் நுரைப்பது குறையும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். முன்பக்கம் பிரிக்கும்போதே மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் எல்லாம் புதிதாகப் போட்டு, கடைசியில் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிட வேண்டும். விலை உயர்ந்த ரேஸ் கிட்டுக்குக் கொட்டும் பணத்தில் இவ்வளவும் முடித்து, நல்ல டயரும் வாங்கலாம்.

பின் சீட்டில் உட்காரும் அம்மா அப்பாவின் இடுப்பும் பிழைக்கும்.