ஓனர் ஆன டிரைவர்
ஊரப்பாக்கத்தில் ஜிஎஸ்டி சாலையோர டீக்கடை. 'வாங்க ஓனர்' என்று மாஸ்டர் கூப்பிட, லாரிக்காரர் சங்கடமாகச் சிரித்தார். போன வருஷம் வரை அவர் டிரைவர். மாதச் சம்பளம், நடைக்கு பேட்டா. இப்போது ஃபைனான்ஸில் வண்டி எடுத்து ஒரு டிரான்ஸ்போர்ட்டில் 'அட்டாச்' விட்டிருக்கிறார். டீசல், டயர், இன்சூரன்ஸ், எஃப்சி, பரனூர் டோல் எல்லாம் இவர் தலையில். எந்த லோடு, என்ன வாடகை, எப்போது பணம் என்பது மட்டும் டிரான்ஸ்போர்ட்காரர்கள் கையில். ஆர்சியில் இவர் பெயருக்குக் கீழே கடன் கொடுத்த கம்பெனியின் பெயரும் இருக்கிறது. தவணை தவறினால் எந்தப் பெயருக்கு மதிப்பு என்று தெரிந்துவிடும். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. தூக்கத்தை விற்றுத் தவணை கட்டுகிற ஓனரை யார் மணி பார்த்து இறக்கிவிடப் போகிறார்கள்? சொந்த வண்டி ஆசை தப்பே இல்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேளுங்கள் அண்ணே: லோடு இல்லாத மாதம் தவணையை யார் கட்டுவது? பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.