மருந்து தொடும் நேரம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். எனக்குத் தேட சிவகாசியில் ஒரு மொட்டை மாடிதான் இருந்தது. போன ஆடியில் 20 லிட்டர் பெயின்ட் வாளிகள் மூன்றை எடுத்து, அடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டு, வாளிக்கு ஒரு செடி என்று சர்க்கரைப் பூசணி விதை ஊன்றினேன்.

ஊர்ப் பாசத்தில் முதல் வாளியை மட்டும் கரிசல் மண்ணால் நிரப்பினேன். காட்டில் கிடக்கும் கரிசல் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு பருத்தியைக் காப்பாற்றும். வாளிக்குள் அதன் குணமே வேறு. நனைந்தால் களியாகிவிடும். இரண்டு நாள் காய்ந்தால் சுருங்கி, வாளியின் பக்கத்தை விட்டு விரல் நுழையும் அளவுக்கு விலகி நிற்கும். ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அந்தச் சந்து வழியே கீழே ஓடிவிடும். அடியில் வடிவதைப் பார்த்து, போதும் என்று நான் இறங்கி வந்துவிடுவேன். வேர் காய்ந்தே கிடந்திருக்கிறது. மற்ற இரண்டு வாளிகளில் செம்மண், அலசிய தென்னைநார்க் கழிவு, மட்கிய சாணம் மூன்றும் சமபங்கு. அவற்றில்தான் கொடி பாய்ந்தது.

மண்ணுக்கு அடுத்த தொல்லை ஊர்க் காற்று. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்ற தீப்பெட்டித் தொழிலை சிவகாசிக்குக் கொண்டுவந்தார்கள். இங்குள்ள காய்ந்த காற்று தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் தோதானது. அகல இலைப் பூசணிக்கு அது சோதனை. உச்சி வெயிலில் இலையெல்லாம் தொங்கிவிடும். பதறி வாளியை நிரப்பக் கூடாது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் சாயங்காலம் இலை தானே நிமிர்ந்துவிடும்.

அடுத்த கவலை பூ. ஆரம்பத்தில் வந்ததெல்லாம் நீளக் காம்புள்ள ஆண்பூ. பிறகுதான் அடியில் கோலிக்குண்டு போலப் பிஞ்சோடு பெண்பூ எட்டிப் பார்த்தது. எங்கள் மாடிக்குத் தேனீ வருவதில்லை. ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் நாமேதான் தேய்த்துவிட வேண்டும். விடியலில் விரியும் பூ மதியத்துக்கு முன்பே வாயை மூடிக்கொள்ளும். ஆறு மணிக்கு எழுந்து மாடியேறினேன். இரண்டு பிஞ்சுகள் நின்றன. சுரையும் பீர்க்கும் வளர்ப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள், அவர்களுடைய பூ சாயங்காலம் விரியும்.

அப்போதுதான் இலைகளில் விபூதி பூசினது போல வெள்ளை படிந்தது. சாம்பல் நோய். மழை இல்லாவிட்டாலும் வந்துவிடும். உரக்கடையில் கேட்டேன், நனையும் கந்தகம் கொடுத்தார்கள். கந்தக பூமி என்று பேர் எடுத்த ஊரில் வேறு எதைக் கொடுப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, பதினோரு மணிக்கு மேலே போய் அடித்தேன். இரண்டே நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்த அப்பளம்.

எதிர்வீட்டு அண்ணாச்சியைக் கூட்டிவந்து காட்டினேன். பட்டாசு ஆபீஸில், அதாவது தொழிற்சாலையில், மருந்து கலக்கிறவர்.

“எத்தனை மணிக்கு அடிச்சீங்க தம்பி?”

“பதினொண்ணு இருக்கும் அண்ணாச்சி.”

“வெயில் ஏறுன பொறவு மருந்தத் தொடலாமா? நாங்க வெள்ளனயே கலவைய முடிச்சிருவோம். அன்னைக்குக் கலந்தது அன்னைக்கே காலியாகிரணும். மருந்த மிச்சம் வச்சா, அது நம்மள மிச்சம் வைக்காது.”

எனக்கு மருந்து என்றால் பூச்சிக்கும் நோய்க்கும் அடிப்பது. அவருக்கு அது வெடிப்பது. நேரம் தவறியதில் எனக்குப் போனது நாலு இலை.

பிறகு தேடிப் படித்ததில், தப்பு நேரத்தோடு முடியவில்லை என்று தெரிந்தது. திராட்சை தாங்கும் கந்தகத்தைப் பூசணிக் குடும்பம் தாங்காது. 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் இலையைச் சுட்டுவிடும். இந்தக் கொடிகளுக்குக் கந்தகத் தூளும் தாமிரத் தூளும் ஆகாது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர்க் குறிப்பிலேயே இருக்கிறது. பிரேசில் விஞ்ஞானி வாக்னர் பெட்டியோல் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கைகொடுத்தது. பூசணிக்கு உறவுக்காரனான சுக்கினிச் செடியில், தண்ணீர் கலந்த பசும்பாலைத் தெளித்தே அவர் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்தியிருந்தார். மோசமான இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வாரம் ஒருமுறை காலையில் தெளித்தேன். பழைய இலைகள் தேறவில்லை. புதிதாக வந்தவை பச்சையாகவே நின்றன. காய் பெருத்ததும் பழைய சேலைத் துணியில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு காய். ஒன்று அண்ணாச்சி வீட்டுக்குப் போனது.

தைப்பட்டத்துக்கு மறுபடி ஊன்றியிருக்கிறேன், கரிசல் வாளி இல்லாமல். காலை ஆறு மணிக்கு நான் ஆண்பூவும் கையுமாக மாடியில் நிற்கும்போது, தெருமுனையில் ஆபீஸ் வேன் ஹாரன் அடிக்கும். அண்ணாச்சி தூக்குவாளியோடு ஏறிக்கொள்வார். வெயில் ஏறுவதற்குள் அவருக்குக் கலவை முடிய வேண்டும், எனக்குப் பூ வேலை முடிய வேண்டும். சாயங்காலம் அந்த வேன் திரும்பி வருகிற சத்தத்துக்கு இப்போதெல்லாம் நானும் காது கொடுக்கிறேன்.