"நான் விலகிக்கிறேன்"னு சொன்னா காசு மிச்சமா? ஒரு ரயில் சொல்லும் கணக்கு



வேலைக்குச் சேர்ந்த புதுசுல வேளச்சேரியில நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தோம். வாடகை 24,000. தலைக்கு 6,000. ஆறு மாசத்துல ஒருத்தன், "நான் பாதி நாள் ஊருக்குப் போயிடுறேன், எனக்கு இது கட்டுப்படியாகாது"ன்னு கிளம்பிட்டான். மீதி மூணு பேருக்கும் 8,000 ஆச்சு. அடுத்த மாசம், "8,000 என்னால முடியாது"ன்னு இன்னொருத்தனும் போயிட்டான். கடைசியில இருந்த ரெண்டு பேருக்கு 12,000.

இதே கதை அமெரிக்காவுல, கோடிக்கணக்கான டாலர்ல நடந்திருக்கு.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுத்தி இருக்கிற 5 கவுன்ட்டிகள் சேர்ந்து 1957ல ஒரு ரயில் அமைப்பை உருவாக்கினாங்க. அதுதான் பார்ட். கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி, ஆனா சொந்தமா வரி, சொந்தமா பட்ஜெட். 1961 டிசம்பர்ல சான் மட்டேயோ கவுன்ட்டி வெளியேறிடுச்சு. "எங்க ஊர் வழியா சதர்ன் பசிபிக் கம்பெனி ரயில் ஏற்கனவே ஓடுது. அதுக்கு மேல நாங்க ஏன் வரி கட்டணும்?"ங்கறது அவங்க வாதத்துல முக்கியமான ஒண்ணு.

ஒருத்தர் போனதும் வரி கட்டுற கை குறைஞ்சது. மத்தவங்க பங்கு ஏறுச்சு. அந்தப் பாரம் தாங்காததும் ஒரு காரணமாகி, 1962ல மரின் கவுன்ட்டியும் விலகுச்சு. மிச்சம் இருந்த 3 கவுன்ட்டி மக்கள் அதே வருஷம் நவம்பர்ல ஓட்டுப் போட்டு, 79.2 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதிச்சாங்க. தேவைப்பட்டது 60 சதவீதம், கிடைச்சது 61 சதவீதம் சொச்சம். மயிரிழைதான்!

மிச்சம் பிடிச்சவங்க என்ன ஆனாங்க?

சான் மட்டேயோ நம்பியிருந்த அந்தத் தனியார் ரயில் இருக்கே, 1977ல "எங்களுக்கு நஷ்டம், நிறுத்திக்கிறோம்"னு கம்பெனி மனு போட்டுடுச்சு. முதல்ல மாநில அரசு மானியம் கொடுத்து ஓட்டுச்சு. 1991ல சான் பிரான்சிஸ்கோ, சான் மட்டேயோ, சான்டா கிளாரா மூணும் சேர்ந்து 21.2 கோடி டாலருக்கு அந்தப் பாதையை வாங்குனாங்க. அதுதான் இன்னைக்கு கால்ட்ரெயின். மத்த ரெண்டு பேரோட பங்குக்கும் சேர்த்து முன்பணம் போட்டது யார் தெரியுமா? சான் மட்டேயோவோட போக்குவரத்து அமைப்பு. அந்தப் பாக்கி விவகாரம் ஒரு முடிவுக்கு வந்தது 2022லதான்.

பார்ட் ரயிலும் கடைசியில வேணும்னு ஆச்சு. விமான நிலையம் வழியா மில்ப்ரே வரைக்கும் போற பாதை 2003ல திறந்தாங்க, செலவு சுமார் 150 கோடி டாலர். அதுல சான் மட்டேயோ தன் பங்கைக் கொடுத்ததோட, "உள்ளே வர்றதுக்கு"ன்னு தனியாவும் பணம் கட்டுச்சு. ஆனா பார்ட் இயக்குநர் குழுவுல இன்னைக்கு வரைக்கும் அவங்களுக்கு ஒரு சீட் கிடையாது. காசு உண்டு, ஓட்டு இல்லை. மரின்ல பார்ட் இன்னும் வரவே இல்லை.

இங்க நியாயமா ஒரு கேள்வி வரும். "நான் ஏறாத ரயிலுக்கு நான் ஏன் கட்டணும்?" சரியான கேள்விதான். நடுவுல இருந்த வருஷங்கள்ல அந்த ஊர்க்காரங்களுக்கு வரி மிச்சமானதும் உண்மை. என் கருத்து இதுதான்: உங்க பங்கு எவ்வளவுன்னு கறாரா பேரம் பேசுங்க, தப்பே இல்லை. ஆனா தேவை போகாதப்போ மேசையை விட்டு எழுந்து போறது சேமிப்பு இல்லை. பில்லைத் தள்ளிப் போடுறது, அவ்வளவுதான்.

பேச்சு மட்டும் போதாது

கால்ட்ரெயின் கதையில இன்னொரு பாடமும் இருக்கு. எந்த கவுன்ட்டியில எத்தனை பேர் ஏறுறாங்கன்னு பார்த்து செலவைப் பிரிச்சாங்க. கேட்க நல்லா இருக்கு. ஆனா ஒவ்வொரு வருஷமும் மூணு பேரும் பார்த்துக் கொடுத்தாதான் பணம். ஒருத்தர் குறைச்சா மத்தவங்களும் அதே விகிதத்துல குறைச்சுக்கலாம். 2011 வாக்குல சான் மட்டேயோ தரப்பு கையைச் சுருக்க, ரயில்களைப் பாதியாக்கலாமா, ஸ்டேஷன்களை மூடலாமான்னு பேச வேண்டிய நிலைமை. தினமும் அதை நம்பி வேலைக்குப் போறவங்களை நினைச்சுப் பாருங்க.

2020ல மூணு கவுன்ட்டி மக்களும் ஓட்டுப் போட்டு, கால்ட்ரெயினுக்குன்னே 0.125 சதவீத விற்பனை வரி கொண்டு வந்தாங்க. 100 டாலருக்குப் பொருள் வாங்கினா பன்னிரண்டரை சென்ட். விற்பனை வரி சம்பளம் பார்த்து வர்றதில்லை, குறைஞ்ச வருமானக்காரருக்கும் அதே வீதம்தான். அந்தக் குறை இருக்கு. ஆனாலும் வருஷா வருஷம் கையேந்துறதை விட இது மேல்.

இப்போ உங்க வீட்டுக்கு வாங்க. அம்மா அப்பா ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்தை அண்ணன், தங்கச்சி, நீங்க மூணு பேரும் பிரிச்சுக்கிறீங்களா? "இந்த வருஷம் எனக்கு டைட்டு, நீ பார்த்துக்கோ"ன்னு ஒருத்தர் சொன்னா பாலிசி லேப்ஸ் ஆகலாம். ஆஸ்பத்திரி பில் வரும்போது அந்த ஒருத்தரும் சேர்ந்துதான் ஓடணும்.

அதனால மூணு விஷயம் இன்னைக்கே பேசி முடிச்சுடுங்க. சம்பளத்துக்கு ஏத்த பங்கு எவ்வளவு. ஒருத்தரால முடியலைன்னா எத்தனை மாசம் முன்னாடி சொல்லணும், அந்தப் பணத்தை யார் போடுவாங்க, எப்போ திருப்பித் தரணும். கடைசியா, தனியா ஒரு அக்கவுன்ட் தொடங்கி, சம்பளம் வந்த மறுநாளே ஆட்டோ டெபிட்.

கூடப் பிறந்தவங்ககிட்ட கணக்குப் பேச கூச்சமாத்தான் இருக்கும். பில் வந்தப்புறம் பேசுறது அதைவிடக் கஷ்டம்.

உங்க வீட்டுல இந்தப் பங்கு எப்படிப் பிரியுது? கமென்ட்ல எழுதுங்க, அடுத்த வீடியோவுல பேசுவோம்.