ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

நஞ்சன்கூடு கபிலை ஆற்றின் கரையில் அமைந்த ஊர். நஞ்சுண்டேசுவரர் கோயிலாலும் ரசபாளே என்னும் வாழைப்பழத்தாலும் புகழ்பெற்றது. மற்ற ஊர்களைப் போலவே இவ்வூர் வீடுகளிலும் இன்று கணினி விளையாட்டு இடம்பிடித்துள்ளது. விளையாட்டு இடையிடையே தடுமாறி நின்றால், கணினிக்குக் கூடுதல் நினைவகம் வாங்கித் தருமாறு பிள்ளைகள் பெற்றோரிடம் வேண்டுகின்றனர். வேண்டுவது தவறன்று, அளந்து பாராமல் வேண்டுவதே தவறு.

ரேம் எனப்படும் நினைவகம் படிக்கும் மேசையைப் போன்றது. சேமிப்பகம் புத்தக அலமாரியைப் போன்றது. மேசை சிறியதாயின், ஒவ்வொரு நூலுக்கும் எழுந்து அலமாரிக்குச் செல்ல நேரும். நினைவகம் நிரம்பிய கணினியும் அவ்வாறே மிகுதியைச் சேமிப்பகத்தில் வைத்து வைத்து எடுக்கிறது. சேமிப்பகம் நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. ஆதலால் விளையாட்டு தடுமாறுகிறது. ஆனால், பாதி காலியாகக் கிடக்கும் மேசையைப் பெரிதாக்குவதால் படிப்பு விரைவதில்லை.

அளப்பது எளிது. விளையாட்டு ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பது தெரியும். 8 ஜிபி நினைவகம் முழுவதும் நிரம்பி நின்றால் பற்றாக்குறை உண்மையே. முதலில் தேவையற்ற உலாவிப் பக்கங்களை மூடிப் பார்க்கலாம், அதற்குச் செலவில்லை. அப்போதும் நிரம்பினால், அதே வகையில் மற்றோர் 8 ஜிபி சேர்ப்பது தகும். இரண்டு அட்டைகள் இணைந்து இயங்கும்போது தரவு இரு வழிகளில் செல்வதால் வேகமும் கூடும். டிடிஆர் 4 பொருந்தும் இடத்தில் டிடிஆர் 5 பொருந்தாது என்பதை மறத்தலாகாது. மாறாக, 16 ஜிபியில் 10 ஜிபி மட்டுமே பயன்படுமாயின், குறை வேறிடத்தில் உள்ளது. அது வரைகலை அட்டையாகவோ, செயலியாகவோ, தூசி அடைத்ததால் எழும் வெப்பமாகவோ இருக்கலாம்.

‘பின்னாளில் தேவைப்படும், இப்போதே வாங்கிவிடலாம்’ என்பார் உளர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. 1981 ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் தனிக்கணினியின் தொடக்க நினைவகம் 16 கிலோபைட். இன்றைய 16 ஜிபி அதைப்போல் பத்து இலட்சம் மடங்கிற்கும் மேற்பட்டது. தேவை வளரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் விலை ஒரே சீராக இருப்பதில்லை. 2025 ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகத்தைப் பெருமளவில் வாங்கியதால், உலகெங்கும் அதன் விலை ஏறியது. எங்கோ எழும் தரவு மையம் நஞ்சன்கூட்டு மாணவனின் விளையாட்டையும் தொடுகிறது! இத்தகைய வேளையில் வாராத தேவைக்காக வாங்குதல் வீண் செலவு. உண்மையான பற்றாக்குறை உடையவர் விலை குறையும் எனக் காத்திருப்பதிலும் உறுதியில்லை. இருவருக்கும் வழிகாட்டுவது அளவே.

நினைவகத்தின் விலை, தொழிற்பேட்டையில் உழைக்கும் ஒரு தந்தைக்குப் பல நாள் ஊதியமாகலாம். ‘என் நண்பனிடம் 32 ஜிபி உள்ளது’ என்னும் சொல் அவ்வுழைப்புக்கு ஈடாகாது. விளையாடும்போது கண்ட அளவை ஒரு தாளில் குறித்துக் காட்டும் பிள்ளையின் வேண்டுகோளோ மறுக்கத்தக்கதன்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பர் முன்னோர். கபிலைக் கரையில் வாழ்வோர்க்கும் அது பொருந்தும்.

சிந்தித்து எழுதுக:
1. நினைவகத்தை மேசையோடு ஒப்பிடுவது எவ்வகையில் பொருந்துகிறது?
2. உன் வீட்டில் அளந்து பார்த்த பின் வாங்கிய ஒரு பொருளைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.